தோலுரிக்க உத்தரவு எங்கிருந்து வருகிறது?

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அந்தச் சின்னஞ்சிறு பழ ஈ, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு ஈயாக மாற ஏறத்தாழ 10 நாள் எடுத்துக்கொள்கிறது. முட்டைக்குள் ஒரு நாள். முதல் புழுப்பருவம் ஒரு நாள், இரண்டாம் பருவம் ஒரு நாள், மூன்றாம் பருவம் இரண்டு நாள். ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் போகும்போது தோலை உரிக்கிறது. மூன்றாம் பருவம் முடியும்போது மட்டும் வழக்கம் மாறுகிறது. புழு தீனியை விட்டு வெளியேறுகிறது. வளர்ப்புக் குப்பியின் சுவரில் ஏறுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி சுரந்த பசையால் தன்னை ஒட்டிக்கொண்டு உடலைக் குறுக்குகிறது. உரிக்க வேண்டிய தோலே சில மணி நேரத்தில் இறுகிப் பழுப்பேறி, உள்ளே உருமாற்றம் நடப்பதற்கான கூடாகிவிடுகிறது.

பூச்சியின் புறத்தோல் உயிரற்ற போர்வை. கைட்டினும் புரதமும் சேர்ந்த அதை, அடியிலுள்ள ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் சுரந்து வெளியே படியவைக்கின்றன. ஓரளவுக்கு அது நீண்டு கொடுக்கும். வாய்க்கொக்கிகளோ சற்றும் வளர்வதில்லை. மூச்சுக்குழாய்களின் உள்பூச்சும் இதே பொருள்தான். எனவே தோலுரிக்கும் புழு வெளித்தோலோடு வாய்க்கொக்கிகளையும் மூச்சுக்குழாய்களின் உள்ளுறையையும் சேர்த்தே கழற்றுகிறது. அதற்கு முன்பாகப் பழைய தோல் உயிரணுக்களிலிருந்து பிரிய வேண்டும், அதனடியில் புதியது உருவாக வேண்டும், இடையில் ஊறும் நொதிகள் பழையதை உள்ளிருந்தே அரிக்க வேண்டும். இவை எல்லாம் உடல் முழுவதும் ஒரே வேளையில் நடந்தாக வேண்டும். ஒரு பகுதி முந்தி இன்னொன்று பிந்தினால் புழு தன் பழைய சட்டைக்குள்ளேயே சிக்கிச் சாகும்.

அப்படியானால் அந்த வேளையைக் குறிப்பது யார்? நூறாண்டுக்கும் மேலாகத் தேடப்பட்டுவரும் இக்கேள்விக்குப் பாடநூல்கள் ஒரே சொல்லில் பதில் தருகின்றன: எக்டைசோன். தோலுரிப்பு ஹார்மோன். பதில் சரிதான், ஆனால் பாதிதான். முதல் தோலுரிப்புக்கும் அதே ஹார்மோன், இரண்டாவதற்கும் அதே, கூடு கட்டுவதற்கும் அதே. எந்த வேளையில், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே எக்டைசோன் என்ன செய்கிறது என்பதைக் காட்டிலும், அதைச் சுரக்க அனுமதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையே நான் பெரிதாகக் கருதுகிறேன். பழ ஈயின் மரபணுத் தொகுதியும் தன் காவலில் பெரும்பகுதியை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது.

உடலின் நடுவே ஒரு முடிச்சு

போலந்து நாட்டின் ஸ்டெஃபான் கோபெச், முதல் உலகப் போர்க் காலத்தில் ஒருவகை அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுக்களை வைத்துச் சோதனை செய்தார். கடைசிப் பருவத்துப் புழுவின் மூளையைக் குறிப்பிட்ட நாளுக்கு முன் அகற்றினால் அது கூட்டுப்புழு ஆவதில்லை. அந்த நாளுக்குப் பின் அகற்றினால் ஒன்றும் கெடுவதில்லை, வழக்கம்போல உருமாறுகிறது. நரம்பை வெட்டிப் பார்த்தார், விளைவு மாறவில்லை. மூளை ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1922இல் ஆங்கிலத்திலும் இது வெளிவந்தது. நரம்பு மண்டலம் ஹார்மோன் சுரக்கும் என்று முதலில் காட்டியவர்களில் அவர் முன்னவர். ஆனால் உரிய கவனம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1941இல் நாஜிகள் அவரை வார்சாவுக்கு அருகில் சுட்டுக் கொன்றார்கள்.

லண்டனில் பணியாற்றிய காட்ஃப்ரீட் ஃப்ராங்கல் 1935இல் செய்த சோதனை இதைவிட எளியது. நீல ஈயின் முதிர்ந்த புழுவை எடுத்து, உடலின் நடுவே நூலால் இறுக்கிக் கட்டினார். வேளை வருவதற்கு வெகு முன்பே கட்டினால் இரு பாதிகளும் புழுவாகவே கிடக்கும். வேளை நெருங்கியதும் கட்டினால் முன்பாதி பழுப்பேறிக் கூடாகிறது. பின்பாதி வெள்ளையாக, மென்மையாக, புழுவாகவே இருக்கிறது. ஒரே உடலில், ஒரு நூலுக்கு இப்புறம் ஒரு பருவம், அப்புறம் இன்னொரு பருவம். கூடாகத் தொடங்கிய வேறொரு புழுவின் இரத்தத்தை எடுத்து அந்தப் பின்பாதியில் செலுத்தினார், அதுவும் பழுப்பேறியது. உத்தரவு முன்புறத்திலிருந்து வருகிறது, இரத்தத்தின் வழியே வருகிறது என்பதை இதற்குமேல் தெளிவாக எப்படிக் காட்ட முடியும்?

முன்புறத்தில் எங்கே? பழ ஈப் புழுவின் மூளையை ஒட்டி, மோதிரம்போல் வளைந்த ஒரு மிகச்சிறு உறுப்பு இருக்கிறது. வளையச் சுரப்பி என்று பெயர். எர்ன்ஸ்ட் ஹாடோர்ன் 1937இல் மரபியல் வழியாக அதை நெருங்கினார். அவர் கையிலிருந்த ஒரு சடுதிமாற்ற வகையில் புழுக்கள் கூடு கட்டவேண்டிய நாள் கடந்தும் புழுக்களாகவே நீடித்து இறந்தன. இயல்பான புழுவின் வளையச் சுரப்பியை அவற்றுக்குள் வைத்தபோது கூடு கட்டும் செயல் தொடங்கியது. மரபணுக் கேட்டையும் ஹார்மோன் குறையையும் ஒரே சோதனையில் இணைத்துப் பார்த்த முன்னோடி முயற்சி இது. பட்டுப்புழுவில் இதே வேலையைச் செய்வது முன்மார்புச் சுரப்பி என்று ஜப்பானின் சோய்ச்சி ஃபுகுடா 1940இல் நிறுவினார். பழ ஈயில் அந்த முன்மார்புச் சுரப்பி தனியே இல்லாமல் வளையச் சுரப்பியின் பெரும்பகுதியாக அமைந்திருக்கிறது. அதில் இருப்பவை ஏறத்தாழ 50 உயிரணுக்களே.

பொருளைப் பிடிக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியில் அடோல்ஃப் புட்டெனான்ட்டும் பீட்டர் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து, பிரித்து, வடித்து, 1954இல் 25 மில்லிகிராம் படிகத்தைப் பெற்றார்கள். அதுதான் எக்டைசோன். அதன் அமைப்பு உறுதியாக 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் உடலின் கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன் போலவே அதுவும் ஸ்டீராய்டு குடும்பத்தைச் சேர்ந்தது, கொலஸ்டிராலிலிருந்து உருவாவது.

வீங்கிய குரோமோசோம்கள்

ஹார்மோன்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது அப்போது பெரிதும் ஊகமாகவே இருந்தது. 1960இல் உல்ரிக் கிளீவரும் கார்ல்சனும் கொசுவைப் போன்ற கைரோனோமஸ் என்ற பூச்சியின் புழுவுக்குள் எக்டைசோனைச் செலுத்தினார்கள். அப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பாலிடீன் குரோமோசோம்கள் உண்டு. சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும் அளவுக்குத் தடித்தவை. ஹார்மோன் உள்ளே போன சிறிது நேரத்தில், குறிப்பிட்ட பட்டைகள் மட்டும் தளர்ந்து வீங்கின. வீங்கிய இடங்கள் மரபணுக்கள் இயங்கத் தொடங்கிய இடங்கள். ஹார்மோன் நேராக மரபணுக்களை எழுப்புகிறது என்ற கருத்து கண்ணால் காணும் சான்றோடு உயிரியலுக்குள் நுழைந்தது இங்கேதான். மனித ஹார்மோன்களைப் பற்றிப் பின்னாளில் நாம் அறிந்த பலவற்றுக்கு இந்தப் புழுவின் எச்சில் சுரப்பி வழி திறந்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேம்பிரிட்ஜில் மைக்கேல் ஆஷ்பர்னர் இதையே பழ ஈயின் சுரப்பிகளில், உடலுக்கு வெளியே ஊடகத்தில் வைத்துத் தொடர்ந்தார். எக்டைசோன் பட்ட சில நிமிடங்களில் அரை டஜன் வீக்கங்கள் தோன்றின. சில மணி நேரம் கழித்து அவை வடிய, நூற்றுக்கும் மேற்பட்ட வேறு வீக்கங்கள் எழுந்தன. புதிய புரதம் உருவாவதைத் தடுத்தபோது முதல் வீக்கங்கள் தோன்றின, ஆனால் வடியவில்லை. பிந்தியவை தோன்றவே இல்லை. முதலில் எழும் மரபணுக்களின் புரதங்கள் தங்களைத் தாங்களே அணைத்துக்கொண்டு அடுத்த அணியை எழுப்புகின்றன என்று 1974இல் அவர் குழு ஒரு திட்டத்தை வரைந்தது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவை ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஹாக்னெஸின் ஆய்வகம் 1991இல் கண்டெடுத்தபோது, அந்தத் திட்டம் பெரும்பாலும் சரியென்று உறுதியானது.

இவ்வளவும் ஹார்மோன் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் கதை. அந்த 50 உயிரணுக்கள் ஹார்மோனை எப்படிச் செய்கின்றன, எப்போது செய்யத் தொடங்குகின்றன என்பது 1990களின் இறுதிவரை இருளாகவே இருந்தது. காரணம் எளிது. உறுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நொதிகளைப் பிரித்தெடுக்க அதில் பொருளே போதாது. வேதியியல் எட்ட முடியாத இடத்துக்கு மரபியல்தான் போக வேண்டியிருந்தது.

தோல் இல்லாத கருக்கள்

அதற்கான பொருள் ஏற்கெனவே குப்பிகளில் காத்திருந்தது. கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஹைடல்பெர்க்கில் 1970களின் இறுதியில் நடத்திய பெருந்தேடல் உயிரியல் மாணவர்களுக்கு நன்கு தெரிந்தது. 1995ஆம் ஆண்டின் நோபல் பரிசை எட்வர்ட் லூயிஸோடு அவர்கள் பகிர்ந்துகொண்டது அதற்காகத்தான். ஆண் ஈக்களுக்குச் சடுதிமாற்றம் விளைவிக்கும் வேதிப்பொருளை ஊட்டி, ஆயிரக்கணக்கான வழிமரபுகளை உருவாக்கி, பொரியாமல் இறந்த கருக்களின் புறத்தோலைப் பார்த்தார்கள். மென்சதையைக் கரைத்துவிட்டால் கண்ணாடித் தகட்டில் மிஞ்சுவது தோல் மட்டுமே. அதன்மேல் வரிசை வரிசையாக நுண்பற்கள். எந்த வரிசை இல்லை, எது தலைகீழ், எது இரட்டித்தது என்று பார்த்தால் உடலின் வரைபடத்தை எழுதும் மரபணுக்கள் பிடிபடும்.

சில கருக்களிலோ படிக்க எதுவுமே இல்லை. தோலே சரியாக உருவாகவில்லை. நுண்பல் வரிசையும் இல்லை. தகட்டில் மங்கலான நிழல்தான். உடல் வரைபடத்தைத் தேடியவர்களுக்கு இவற்றால் பயனில்லை. ஆனாலும் குறித்து வைத்தார்கள், பெயரிட்டார்கள்: ஸ்பூக், ஃபாண்டம், டிஸ்எம்பாடீட், ஷாடோ, ஷேட், ஷ்ரவுட். ஆவி, நிழல், சவப்போர்வை, உடலற்றது என்று பேய்க்கதைச் சாயலில் அமைந்த பெயர்கள் என்பதால், பின்னாளில் இந்தக் குழுவுக்கே ஹாலோவீன் மரபணுக்கள் என்ற பெயர் நிலைத்தது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். பழ ஈயை விதைபோல் உலர்த்தி வைக்க முடியாது. பாக்டீரியாவைப்போல் உறைய வைத்துப் பேணும் முறையும் அன்று இல்லை. ஒரு வழிமரபு வேண்டுமென்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் ஈக்களைப் புதிய தீனிக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் உடனடியாக வேண்டாத இந்த வகைகள் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் உயிரோடு கடத்தப்பட்டன. மாற்றியவர்களின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இல்லை. அந்தக் கைகள் ஓய்ந்திருந்தால் இந்த அத்தியாயமே எழுதப்பட்டிருக்காது. அறிவியலுக்கு நிதி ஒதுக்குவோர் இதை மறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மினசோட்டாவில் மைக்கேல் ஓ'கானரின் ஆய்வகம் 2000இல் டிஸ்எம்பாடீட் மரபணுவைப் பிடித்தபோது, அது சைட்டோகுரோம் பி450 குடும்ப நொதி ஒன்றுக்கான மரபணு என்று தெரிந்தது. ஸ்டீராய்டு மூலக்கூறில் குறிப்பிட்ட இடத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்ப்பது இக்குடும்பத்தின் தொழில்களில் ஒன்று. பூச்சி ஹார்மோன்களின் வேதியியலில் வாழ்நாளைச் செலவிட்ட சேப்பல் ஹில்லின் லாரன்ஸ் கில்பர்ட் குழு கைகோத்தது. அவர்கள் செய்த முறை இது: ஊடகத்தில் வளரும் பழ ஈ உயிரணுக்களுக்குள் அந்த மரபணுவை நுழைப்பார்கள்; எக்டைசோனாக மாற வேண்டிய முந்தைய மூலக்கூறை ஊடகத்தில் கலப்பார்கள்; சில மணி நேரம் கழித்து ஊடகத்தைப் பிரித்து, எந்தக் கார்பனில் புதிதாக ஹைட்ராக்சில் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். டிஸ்எம்பாடீட் 22ஆம் கார்பனில் ஏற்றியது. ஷாடோ 2ஆம் கார்பனில். 2002இல் இவ்விரண்டும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20ஆம் கார்பனுக்கான ஷேட், 25ஆம் கார்பனுக்கான ஃபாண்டம். தோலில்லாமல் செத்த கருக்கள் ஒவ்வொன்றும் ஒரே வேதித்தொடரின் வெவ்வேறு படியில் தடுக்கி விழுந்தவை. தோல் எழுதும் உத்தரவே அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தொடரின் கடைசிப் படி மட்டும் சுரப்பிக்கு வெளியே நடக்கிறது. வளையச் சுரப்பி வெளியிடுவது எக்டைசோன். கொழுப்புத் திசு முதலிய உறுப்புகளில் இருக்கும் ஷேட் நொதி அதில் இன்னோர் ஆக்சிஜனைச் சேர்த்து 20-ஹைட்ராக்சிஎக்டைசோன் ஆக்குகிறது. உயிரணுக்களின் ஏற்பியை வலுவாகப் பற்றும் செயல்வடிவம் அதுவே. தொடரின் முதல் படியைச் செய்வது நெவர்லாண்ட் என்ற வேறு வகை நொதி. கொலஸ்டிராலை 7-டிஹைட்ரோகொலஸ்டிராலாக மாற்றுவது அதன் வேலை. ஜப்பானின் ஆய்வாளர்கள் 2006இல் அதைக் கண்டார்கள். முதல் படிக்கும் ஃபாண்டத்துக்கும் இடைப்பட்ட வினைகளை இத்துறையினர் கருப்புப் பெட்டி என்றே அழைக்கிறார்கள். ஷ்ரவுட், ஸ்பூக், அதன் உறவான ஸ்பூக்கியர் ஆகியவை அந்தப் பெட்டிக்குள் வேலை செய்கின்றன.

எல்லா வழியும் ஸ்பூக்கியரை நோக்கி

ஸ்பூக்கும் ஸ்பூக்கியரும் ஒரே மூதாதை மரபணுவின் இரட்டிப்பில் பிறந்தவை. செய்யும் வேலை ஒன்று, இடம் வேறு. ஸ்பூக் கருவிலும் தாய் ஈயின் சூலகத்திலும் இயங்குகிறது. ஸ்பூக்கியர் புழுவின் வளையச் சுரப்பியில் இயங்குகிறது. அதாவது புழுவின் தோலுரிப்புகள் ஸ்பூக்கியரை நம்பியிருக்கின்றன. இந்த ஒரு மரபணுவைச் சுற்றி நிற்கும் காவலைப் பார்க்கும்போதுதான் அனுமதி என்ற கேள்வி முழு வடிவம் பெறுகிறது.

1977இல் ஆலன் கேரனின் குழு விவரித்த ஒரு சடுதிமாற்ற வகையை எடுத்துக்கொள்வோம். பெயர் எக்டைசோன்லெஸ். தாழ்ந்த வெப்பத்தில் புழுக்கள் இயல்பாக வளரும். 29 டிகிரிக்கு மாற்றினால் எக்டைசோன் சுரப்பு வீழ்ந்து, புழு புழுவாகவே நிற்கும். விரும்பிய வேளையில் ஹார்மோனை நிறுத்தும் விசை கையில் கிடைத்ததால் பல ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தின. அந்த மரபணுவின் புரதம் உண்மையில் என்ன செய்கிறது என்பது விளங்க 2014 ஆனது. அது ஸ்டீராய்டு நொதியே இல்லை, ஆர்.என்.ஏ. இழையில் தேவையற்ற பகுதிகளை வெட்டி ஒட்டும் பொறியின் ஓர் உறுப்பு. அது கெட்டால் முன்மார்புச் சுரப்பியில் அதிகம் அடிபடுவது எது தெரியுமா? ஸ்பூக்கியரின் ஆர்.என்.ஏ.

அடுத்த ஆண்டே இன்னொரு வழி ஸ்பூக்கியரில் வந்து முடிந்தது. சுகுபா பல்கலைக்கழகத்தில் ரியூசுகே நிவாவின் குழு, முன்மார்புச் சுரப்பியில் மட்டும் இயங்கி மரபணுவை எழுப்பும் ஒரு புரதத்தை, அதாவது ஒரு படியெடுப்புக் காரணியைக் கண்டது. ஊய்ஜா போர்டு என்று பெயரிட்டார்கள். ஆவியை அழைக்கும் பலகை, ஸ்பூக்கியரை எழுப்புவதால். அந்த மரபணு இல்லாத புழுக்களின் வளர்ச்சி நின்றது. மற்ற நொதிகளின் மரபணுக்கள் ஏறக்குறைய இயல்பாக இயங்க, ஸ்பூக்கியர் மட்டும் அடங்கிக் கிடந்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் தீர்மானமான சோதனை. ஊய்ஜா போர்டு இல்லாத புழுவின் சுரப்பியில் ஸ்பூக்கியரை வேறொரு விசையால் இயக்கினார்கள். புழு தோலுரித்து, கூடு கட்டி, ஈயாகப் பறந்தது.

ஒரு படியெடுப்புக் காரணி வழக்கமாக நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஆளும். இங்கே ஒரு காரணி ஒரே ஒரு மரபணுவுக்காக வாழ்கிறது. அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் காரணியே வேண்டாம். இப்படி ஒன்று இருக்க முடியும் என்று பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2018இல் அதே குழு கனடாவின் கிர்ஸ்ட் கிங்-ஜோன்ஸுடன் இணைந்து, சேயான்ஸ் என்ற இன்னொரு காரணி நெவர்லாண்டை எழுப்புகிறது என்றும், மோல்ட்டிங் டிஃபெக்டிவ் என்ற மூன்றாவது காரணி இரண்டிடத்திலும் துணை நிற்கிறது என்றும் காட்டியது. மோல்ட்டிங் டிஃபெக்டிவ் 2005இலேயே தெரிந்ததுதான். அது இல்லாவிட்டால் எக்டைசோன் சுரப்பு குறையும் என்பதும் தெரியும். அது யாரோடு சேர்ந்து, எந்தக் கதவைத் திறக்கிறது என்பதே புதிது.

ஏன் இந்த இரண்டு மரபணுக்களுக்கு மட்டும் தனிக் காவலர்கள்? நெவர்லாண்டும் ஸ்பூக்கியரும் குரோமோசோமின் நடுப்பகுதியை ஒட்டிய, டி.என்.ஏ. இறுகச் சுருண்டு கிடக்கும் பகுதியில் அமைந்துள்ளன. அங்கே பெரும்பாலான மரபணுக்கள் வாய்மூடிக் கிடக்கும். அந்த இறுக்கத்துக்குள் தேவையான வேளையில் தேவையான சுரப்பியில் மட்டும் ஒரு மரபணுவைப் பேசவைக்கத் தனித் திறமை வேண்டியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஊய்ஜா போர்டு பழ ஈயின் நெருங்கிய உறவுகளில் மட்டுமே உண்டு; பட்டுப்பூச்சியிலோ கொசுவிலோ இல்லை. தோலுரிப்பு பூச்சிகளைவிடவும் பழமையானது, நண்டும் சிலந்தியும் செய்வது. அத்தனை பழைய செயலின் வாசலில் நேற்று வந்த காவலர் நிற்கிறார். உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதது எல்லாம் தொன்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இது உடைக்கிறது.

எடை, காயம், பசி

இனிக் காவலருக்குச் செய்தி சொல்பவர்கள். கோபெச் ஊகித்த மூளைப் பொருளின் மரபணு பட்டுப்புழுவில் 1990இல் பிடிபட்டது. முன்மார்புச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் அது. பழ ஈயின் மூளையில் பக்கத்துக்கு இரண்டு நரம்பணுக்கள் மட்டுமே அதைச் சுரக்கின்றன; அவற்றின் இழைகள் நேராக முன்மார்புச் சுரப்பியில் போய் முடிகின்றன. அந்த நான்கு நரம்பணுக்களையும் அழித்தால் என்ன ஆகும்? ஓ'கானரின் குழு 2007இல் செய்து பார்த்தது. கோபெச்சின் கம்பளிப்புழுவைப்போல வளர்ச்சி அடியோடு நிற்கும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். நிற்கவில்லை. கூடு கட்டுவது 5 நாள் அளவுக்குத் தள்ளிப்போனது. அந்த நாட்களில் தின்றுகொண்டே இருந்த புழுக்கள் வழக்கத்தைவிடப் பெரிய ஈக்களாக வந்தன. மூளையின் குரல் வேளையை முன்னே இழுக்கிறது, ஆனால் அந்தக் குரல் இல்லாமலும் சுரப்பி ஒருநாள் முடிவெடுத்துவிடுகிறது. அந்தக் குரலைக் கேட்கும் ஏற்பி டார்சோ என்பது 2009இல் தெரிந்தது. கருவின் தலை, வால் முனைகளை வகுப்பதற்காக நெடுங்காலமாக அறியப்பட்ட அதே புரதம்.

மற்றொரு குரல் தீனியிலிருந்து வருகிறது. மூன்றாம் பருவத்துப் புழு குறிப்பிட்ட எடையை எட்டுவதற்கு முன் பட்டினி போட்டால் உருமாற்றம் தள்ளிப்போகும்; எட்டிய பிறகு பட்டினி போட்டால் தள்ளிப்போகாது, சிறிய ஈயாகவாவது வெளிவரும். உடல் தன் எடையை எப்படி அறிகிறது? கிறிஸ்டன் மிர்த், ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்ட் ஆகியோர் 2005இல் முன்மார்புச் சுரப்பியில் மட்டும் இன்சுலின் வழிச் செய்தியைக் கூட்டிப் பார்த்தார்கள். சுரப்பி பெருத்தது, புழு அவசரப்பட்டது, குட்டி ஈக்கள் வந்தன. குறைத்தபோது சுரப்பி சிறுத்தது, புழு காத்திருந்தது, பெரிய ஈக்கள் வந்தன. உடலுக்குப் போதிய உணவு கிடைத்திருக்கிறதா என்பதைச் சுரப்பி தன் வளர்ச்சியைக் கொண்டே எடைபோடுகிறது.

காயத்துக்கும் குரல் உண்டு. சிறகாகவும் காலாகவும் மாறவிருக்கும் திசுத் தட்டுகள் புழுவுக்குள் மடிந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்று சேதமானால் டில்ப்8 என்ற புரதத்தைச் சுரக்கும். அது மூளை நரம்பணுக்கள் வழியாக எக்டைசோன் சுரப்பைத் தள்ளிப்போடச் செய்து, திசு ஆறுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது. 2012இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. ஆக மூளை, தீனி, திசு மூன்றும் அந்த 50 உயிரணுக்களிடம் வழக்காடுகின்றன; தீர்ப்பு நெவர்லாண்ட், ஸ்பூக்கியர் முதலிய மரபணுக்களின் இயக்கமாக வெளிப்படுகிறது. தலைமை மரபணு என்று ஒன்றைச் சுட்டும் பழக்கம் பத்திரிகை எழுத்தில் வேரூன்றிவிட்டது. இந்தச் சுரப்பியைப் படித்தவர்களால் அப்படிச் சுட்ட முடியாது.

ஹார்மோன் ஏறுவதைப் போலவே இறங்குவதும் முக்கியம் என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய தோல் உருவாக எக்டைசோன் உயர வேண்டும். பழைய தோலிலிருந்து நெளிந்து வெளியேறும் கடைசிச் செயலுக்கு அது தாழ வேண்டும். தாழ்த்துவதற்கென்றே சிஒய்பி18ஏ1 என்ற நொதி ஹார்மோனைச் சிதைக்கிறது. அது இல்லாத பூச்சி கூட்டுக்குள்ளேயே இறக்கிறது.

கள்ளிச்செடிக்கு அடிமையான ஈ

பூச்சிகளால் கொலஸ்டிராலைத் தாமே செய்ய முடியாது. பழ ஈப் புழு அழுகிய பழத்தில் வளரும் ஈஸ்ட்டிலிருந்தும் தாவரத்திலிருந்தும் ஸ்டீரால்களைப் பெறுகிறது. எனவே ஹார்மோன் உற்பத்தியின் முதல் காவல் தட்டிலேயே தொடங்குகிறது. இதற்கு நான் அறிந்த மிகத் துலக்கமான சான்று, வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் வாழும் டிரோசோஃபிலா பாக்கியா. செனிட்டா என்ற கள்ளிச்செடியின் அழுகலில் மட்டுமே அது வளரும். அந்தக் கள்ளியின் அசாதாரண ஸ்டீரால்தான் காரணம் என்று ஹீடும் கிர்ச்சரும் 1965இலேயே காட்டினார்கள். அசாதாரண ஸ்டீரால் ஏன் வேண்டும் என்பதற்கு 2012இல் பதில் கிடைத்தது. அந்த ஈயின் நெவர்லாண்ட் நொதியில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் கொலஸ்டிராலைக் கையாளும் திறன் போய், கள்ளியின் லாத்தோஸ்டீராலை மட்டும் 7-டிஹைட்ரோகொலஸ்டிராலாக்கும் திறன் மிஞ்சியது. ஆய்வகத் தீனியில் அந்த 7-டிஹைட்ரோகொலஸ்டிராலைக் கலந்து கொடுத்தால் பாக்கியா கள்ளி இல்லாமலே வளர்கிறது. ஒரு நொதியின் சில எழுத்துகள் ஓர் உயிரினத்தின் முகவரியை எழுதியிருக்கின்றன.

தாவரங்களும் இந்த வழியை அறிந்திருக்கின்றன. ஸ்பினாச் என்ற கீரை எக்டைசோன் போன்ற பொருள்களைத் தானே செய்து வைத்திருக்கிறது. நம் வேப்ப விதையின் அசாடிராக்டின் பல பூச்சிகளில் எக்டைசோன் சுரப்பைக் குலைத்துத் தோலுரிப்பைக் கெடுக்கிறது. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த வயலில் புழுக்கள் உடனே சாகாமல், தோலுரிக்கும் வேளையில் சிக்கிச் சாவதை உழவர்கள் பார்க்கிறார்கள் என்றால், அதன் வேர் இங்கே இருக்கிறது.

இப்போது ஆய்வு சுரப்பியின் உற்பத்தியைத் தாண்டி, வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்கும் நகர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டுகள் கொழுப்பில் கரைபவை. எனவே உயிரணுச் சவ்வின் வழியே தாமாகவே கசிந்து போய்வரும் என்று பாடநூல்கள் சொல்லி வந்தன. நவோக்கி யமனாகாவும் ஓ'கானரும் 2015இல் முன்மார்புச் சுரப்பி எக்டைசோனைப் பைகளில் அடைத்து, கால்சியம் செய்தி வந்ததும் திறந்துவிடுகிறது என்று காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் யமனாகாவின் ஆய்வகம் 2018இல் இன்னொரு முனையைப் பிடித்தது. எக்டைசோனை உயிரணுவுக்குள் கொண்டுவர ஒரு வாயிற்புரதம் தேவைப்படுகிறது. அது இல்லாத திசுவைச் சுற்றி எவ்வளவு எக்டைசோன் இருந்தாலும் அத்திசுவுக்குக் கேட்பதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவிலும் இத்தகைய வாயிற்புரதங்கள் உள்ளன. கொசுவின் வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் அவை தேவை என்று அதே ஆய்வகம் பின்னர் காட்டியது. வாயிலை அடைக்கும் மருந்து ஒன்று கிடைத்தால் கொசுப்புழுவைத் தோலுரிப்பிலேயே நிறுத்தலாம் என்ற எண்ணத்தில் தேடல் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் கார்ட்டிசாலும் நம் உயிரணுக்களுக்குள் தாமாகவே கசிகின்றனவா, அவற்றுக்கும் வாயில்கள் உண்டா என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்கிறது. அதற்குப் பழ ஈயில் பதில் தேட முடியாது. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியது பழ ஈயைப் பார்த்த பிறகுதான்.